வானவில்லுக்கு மூலப்பிரதி கிடையாது

1

வானவில்லைப் படமெடுத்து அதன் நிறங்களைப் பிறகு கூட்டிக் காட்டுவது பொய்யா, இல்லையா? இந்தக் கேள்வியை இப்போது யாரும் கேட்பதில்லை. கைபேசித் திரையில் ஒரு புள்ளியை வலப்பக்கம் நகர்த்தினால் சிவப்பு தீயாகிவிடுகிறது, ஊதா மையாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் நண்பர்கள் எனக்கு அனுப்பிவைக்கும் வானவில் படங்களில் பெரும்பாலானவை இப்படி ஆனவைதான். பெயிண்ட் கடை அட்டைபோல ஏழு பட்டைகளும் தனித்தனியாக நிற்கின்றன. இவற்றைப் பார்த்துப் பழகிய கண், மாடியில் நின்று நிஜ வானவில்லைப் பார்க்கும்போது 'இவ்வளவுதானா' என்கிறது.

இது ஒரு இழப்புதான். ஆனால் இந்த இழப்பைக் காட்டி, திருத்தப்படாத படம் மட்டுமே நிஜம், கைபட்டது எல்லாம் பொய் என்று தீர்ப்புச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் நினைக்கிற அந்தக் கைபடாத படம் வரலாற்றில் எங்கேயும் இருந்ததில்லை. நிறத்தைப் படமாக்க மனிதன் செய்த முயற்சிகளை வரிசையாகப் பார்த்தால், இல்லாத நிறத்தைக் கொண்டுவந்து பூசுவது, இருக்கிற நிறத்தை மூடியிருப்பதை விலக்குவது என்ற இரண்டு காரியங்கள் அருகருகே நடந்து வந்திருப்பது தெரிகிறது. பல சமயம் ஒரே தகட்டில், ஒரே கையால். இரண்டையும் பிரித்தறிய ஏதாவது அளவுகோல் உண்டா என்பதுதான் நான் இங்கே யோசிக்க விரும்பும் விஷயம். எழுத்தோடு சம்பந்தப்பட்டவர்களுக்கு இந்த யோசனை அந்நியமாக இராது என்று நினைக்கிறேன்.

2

வானவில் ஒரு பொருள் அல்ல. இதிலிருந்து தொடங்க வேண்டும்.

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்துத் துறவி தியோடரிக்கும் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல் ஃபாரிஸியும் ஒரே சோதனையைச் செய்தார்கள். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம் ஒன்றைப் பெரிய மழைத்துளியாகப் பாவித்து, அதற்குள் வெளிச்சம் போகும் வழியைத் தேடினார்கள். ஒளி துளிக்குள் நுழையும்போது வளைகிறது. உட்சுவரில் ஒருமுறை பட்டுத் திரும்புகிறது. வெளியேறும்போது மீண்டும் வளைகிறது. 1637-இல் டெகார்ட் இதைக் கணக்காக்கினார். இப்படித் திரும்பும் கதிர்கள், சூரியனுக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து சுமார் 42 பாகை தள்ளி நெருங்கிக் குவிகின்றன. இரண்டுமுறை உள்ளே பட்டுத் திரும்பும் கதிர்கள் சுமார் 51 பாகையில் இன்னொரு வில்லாகின்றன. அதில் நிறவரிசை தலைகீழாக இருக்கும். இரண்டு வில்லுக்கும் நடுவே வானம் சற்று இருண்டு கிடக்கும். நிறங்கள் ஏன் பிரிகின்றன என்பதற்கான விளக்கத்தை நியூட்டன் தந்தார். 1704-இல் வெளிவந்த அவருடைய ஒளியியல் நூலில் அது முழுமையாக இருக்கிறது.

சூரியனுக்கு நேர் எதிர்த் திசை என்றால் நம் தலையின் நிழல் விழுகிற திசை. ஒவ்வொருவர் வானவில்லுக்கும் மையம் அவரவர் தலைநிழல்தான். என் பக்கத்தில் நிற்பவர் பார்க்கும் வில் வேறு துளிகளிலிருந்து வருகிறது. நான் ஒரு அடி நகர்ந்தால் எனக்கு ஒளி அனுப்பிய துளிகள் மாறிவிடுகின்றன. கையில் உள்ள காமிரா இன்னொரு பார்வையாளன். அதற்கும் ஒரு சொந்த வில் இருக்கிறது. ஆகவே ஒரு கோபுரத்தின் படத்தை எடுத்துப்போய்க் கோபுரத்தோடு ஒப்பிடுவதுபோல, வானவில்லின் படத்தை எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. பிரதி இருக்கிறது, மூலப்பிரதி கிடையாது.

நிறங்கள் ஏழு என்பதும் இப்படிப்பட்ட ஒரு சங்கதிதான். விப்ஜியார் என்று பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். நியூட்டன் முதலில் முக்கிய நிறங்கள் ஐந்து என்றுதான் சொன்னார். பிறகு, சங்கீதத்தின் ஸ்வரவரிசையோடு பொருந்த வேண்டும் என்று ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்து ஏழாக்கினார். வானத்தில் கோடு போட்டு எங்கேயும் பிரித்திருக்கவில்லை. சிவப்பு தன் போக்கில் மஞ்சளாகிறது, மஞ்சள் பச்சையாகிறது. வானவில்லைத் திருத்திப் பதிப்பித்தவர்களில் நியூட்டனும் ஒருவர் என்று சொன்னால் தவறில்லை.

காமிராக்காரர்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு கண்ணாடியையும் இங்கே சொல்ல வேண்டும். வானவில்லின் ஒளி ஏறக்குறைய முழுக்க ஒரே தளத்தில் அதிரும் ஒளி என்பதை 1811-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பியோ கண்டார். ஒரே தளத்து ஒளியை மட்டும் விடுகிற பில்டர்கள் 1930-களில் எட்வின் லாண்டின் போலராய்டு தாள்களுக்குப் பிறகு எளிதாகக் கிடைக்கத் தொடங்கின. அதை லென்ஸின் முன்னால் பொருத்தி ஒருபக்கம் திருப்பினால் பின்னாலுள்ள மேகத்தின் வெளிச்சம் குறைந்து வில் துலங்குகிறது. கால் சுற்று திருப்பினால் வில்லே காணாமல் போகிறது. மழையும் மேகமும் மட்டும் மிஞ்சுகின்றன. அதிர்வின் தளம் வில்லின் வளைவோடு சேர்ந்து திரும்புவதால், அகன்ற லென்ஸில் முழு வில்லையும் அடக்கினால் உச்சியைத் துலக்கும் அதே நிலை இரண்டு கால்களையும் மங்கச் செய்யும். இதையெல்லாம் யாரும் திருத்தம் என்று சொல்வதில்லை. படம் பதிவாகுமுன் நடந்ததால் அது பார்வை. பதிவான பின் நடந்தால் அது மோசடி. இந்தக் காலக்கணக்கை வைத்து நியாயம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

3

1839-இல் டாகேரின் தகடு உலகத்துக்கு அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் வியந்தார்கள். உடனேயே ஒரு குறையும் பட்டார்கள். நிறம் இல்லை. உண்மையில் குறை அதைவிடப் பெரியது. அன்றைய வெள்ளி உப்புகள் நீலத்துக்கும் ஊதாவுக்கும் மட்டுமே இசைந்தன. சிவப்பு அவற்றுக்கு இருட்டு. வானவில்லில் உள் ஓரத்துக் குளிர்ந்த நிறங்கள் மட்டும் பதியும், வெளி ஓரத்துச் சிவப்பு இருந்ததாகவே தெரியாது. 1873-இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல், ரசாயனப் பூச்சோடு சாயங்களைச் சேர்த்தால் அது மற்ற நிறங்களுக்கும் இசையும் என்று கண்டுபிடித்தார். எல்லா நிறத்துக்கும் இசையும் தகடுகள் கடைக்கு வர 20-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளையில்கூட, வானவில்லின் ஒரு பாதியைக் காண்பதற்குச் சாயம் தேவைப்பட்டது.

நிறத்தைப் பிடிக்க நடந்த முதல் பெரிய முயற்சிகளில் எட்மண்ட் பெக்கரலுடையது மிக அழகானது. மிகச் சோகமானதும் கூட. 1848-இல் பாரிஸில், குளோரின் ஏற்றிய வெள்ளித் தகட்டின் மீது முப்பட்டகத்தால் பிரிந்த சூரிய ஒளியை விழச் செய்தார். செயற்கை வானவில் ஒன்று தன் நிறங்களிலேயே தகட்டில் பதிந்தது. ஆனால் அதை நிலைநிறுத்த வழி இல்லை. வெளிச்சத்தில் பார்க்கப் பார்க்க அழியும். அதனால் இருட்டில் வைத்து, மங்கல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் மட்டும் பார்த்தார்கள். அந்த நிறங்கள் எப்படி உண்டாயின என்பதுகூட வெகுகாலம் விவாதமாகவே இருந்தது. தகட்டில் உருவான அதிநுண்ணிய வெள்ளித் துகள்களே காரணம் என்ற விளக்கத்தைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். கைபடாத நிறம் என்று யாராவது கேட்டால் பெக்கரலின் தகட்டைத்தான் காட்ட முடியும். பார்த்தால் அழிந்துவிடும் என்பது அதன் விலை.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துக் காட்ஸ்கில் மலைப்பக்கம் லீவை ஹில் என்று ஒரு பாப்டிஸ்ட் போதகர் இருந்தார். இயற்கை நிறத்தில் படம் பிடித்துவிட்டதாக 1851-இல் அவர் அறிவித்தார். நிறப்படம் வரட்டும் என்று வாடிக்கையாளர்கள் காத்திருக்கத் தொடங்கியதால் வியாபாரம் படுத்துவிட்டதாகப் படப்பிடிப்புக்காரர்கள் புலம்பினார்கள். ஹில் தன் முறையைத் தெளிவாகச் சொல்லவில்லை. நாளடைவில் அவரைப் புரட்டர் என்றார்கள். 1865-இல் இறந்தார். 150 ஆண்டுகள் அந்தப் பெயர் அப்படியே இருந்தது. அமெரிக்க தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த அவருடைய தகடுகளை 2007-இல் கருவிகள் கொண்டு சோதித்தார்கள். தீர்ப்பு இரண்டு பக்கத்தாருக்கும் சங்கடமானது. தகட்டிலேயே சில நிறங்கள் நிஜமாகவே பதிந்திருந்தன. அவை போதாது என்று அவற்றின் மேல் சாயமும் பூசப்பட்டிருந்தது.

என் மனதில் அடிக்கடி வந்து நிற்பவர் இந்த ஹில். அவரிடம் உண்மை இருந்தது, ஆனால் மங்கலாக இருந்தது. உலகம் மங்கலை ஏற்காது என்று பயந்து தூரிகையை எடுத்தார். தூரிகை பட்ட இடம் எது, படாத இடம் எது என்று சொல்லாமல் விட்டதால், பூசாத நிறத்தையும் யாரும் நம்பாமல் போயிற்று. இன்றைய கைபேசிப் படங்களுக்கு நேர்ந்திருப்பதும் இதுவே. எப்போதாவது ஒரு மாலையில் வில் நிஜமாகவே அசாத்தியமாக எரிகிறது. அதைப் படமெடுத்துக் காட்டினால் 'கூட்டியிருக்கிறாய்' என்கிறார்கள்.

1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மாக்ஸ்வெல் காட்டிய படத்தை முதல் வண்ணப் புகைப்படம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஒரு கட்டம்போட்ட ரிப்பனை தாமஸ் ஸட்டன் மூன்று முறை படமெடுத்தார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிற நீர்மங்களின் வழியாக ஒவ்வொன்றாக. மூன்றையும் அதே நிற விளக்குகளால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தபோது ரிப்பன் நிறத்தோடு தெரிந்தது. இதில் ஒரு புதிர் உண்டு. ஃபோகலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்திய காலம் அது. ஸட்டனின் தகட்டுக்குச் சிவப்பே தெரியாது. பின் சிவப்பு எங்கிருந்து வந்தது? சரியாக நூறு ஆண்டு கழித்து, 1961-இல், கோடக் ஆய்வுக்கூடத்தில் ரால்ஃப் எவன்ஸ் என்பவர் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்து விடை கண்டார். சிவப்பு நீர்மம் புற ஊதாக் கதிரையும் கொஞ்சம் வெளியே விட்டது. ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதாவைப் பிரதிபலித்தது. தகடு பதிந்துகொண்டது சிவப்பை அல்ல, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றை. அது சிவப்பின் இடத்தில் வந்து உட்கார்ந்து சிவப்பாகத் தெரிந்தது. வண்ணப் புகைப்படத்தின் முதல் சிவப்பு ஒரு ஆள்மாறாட்டம். ஆனாலும் அந்தக் கொள்கை சரியானது. இன்று நம் திரைகள் எல்லாம் அதன்படிதான் இயங்குகின்றன.

மூன்று நிறக் கலவையே வேண்டாம் என்று கப்ரியேல் லிப்மன் 1891-இல் வேறு வழி போனார். பூச்சின் பின்னால் பாதரசத்தைக் கண்ணாடியாக வைத்து, வரும் ஒளியும் திரும்பும் ஒளியும் மோதி உண்டாகும் அலைவடிவத்தையே பூச்சுக்குள் பதித்தார். அவருடைய படத்தில் சாயம் கிடையாது. கிளிஞ்சலின் உட்புறத்தில் நிறம் தெரிவதுபோல அதில் நிறம் தெரிகிறது. சூரிய நிறமாலையை அப்படிப் பிடித்துக் காட்டினார். 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளியின் நிஜமான கையெழுத்து இது என்று கருதப்பட்டது. 2021-இல் லொஸான் நகர ஆய்வாளர்கள் அந்தத் தகடுகளிலிருந்து திரும்பும் ஒளியை அளந்து, அது வந்து பதிந்த ஒளியோடு முற்றிலும் ஒத்துப்போகவில்லை என்று காட்டினார்கள். கூடவே இன்னொன்றும் காட்டினார்கள்: பிசகு எப்படி நேர்கிறது என்பது தெரிந்தால், கணக்கால் பின்னோக்கிப் போய் மூல ஒளியை மீட்டுவிடலாம். திருத்தினால்தான் மூலம் கிடைக்கும் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம்.

4

ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே வந்தால், 1907-இல் லூமியேர் சகோதரர்களின் ஆட்டோக்ரோம் தகடு கடைக்கு வந்தது. ஆரஞ்சுச் சிவப்பு, பச்சை, நீல ஊதா என்று சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களைக் கண்ணாடியில் பரப்பிச் செய்த தகடு. 1935-இல் கோடக்ரோம் வந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு. எந்த பிலிமைக் காமிராவில் போடுகிறோமோ அந்த பிலிமின் ருசிதான் வானத்தின் ருசி. 1990-இல் ஃபூஜி கம்பெனி வெல்வியா என்ற ஸ்லைடு பிலிமைக் கொண்டுவந்தது. பச்சையும் சிவப்பும் அதில் கண்ணைப் பறிக்கும். இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் அதற்கே மாறினார்கள். அதே 1990-இல்தான் ஃபோட்டோஷாப் என்ற மென்பொருளும் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பின்னதைச் சந்தேகப்பட்டவர்கள் முன்னதை வரவேற்றார்கள். நிறத்தைக் கூட்டுகிற கை தொழிற்சாலைக்குள் மறைந்திருந்தால் அது இயற்கை. மேஜை மேல் தெரிந்தால் செயற்கை!

புகழ்பெற்ற வானவில் படங்களில் ஒன்று காலன் ரோவல் 1981-இல் லாஸாவில் எடுத்தது. வில்லின் கால் போத்தலா அரண்மனை மேல் வந்து இறங்குகிறது. அவர் முதலில் பார்த்தபோது வில் அங்கே இல்லை. பார்ப்பவன் நகர்ந்தால் வில்லும் கூடவே நகரும் என்பது அவருக்குத் தெரியும். ஓடினார். அரண்மனையும் வில்லின் காலும் ஒரே கோட்டில் வரும் இடம்வரை ஓடி அங்கே நின்று எடுத்தார். கால்களால் செய்த திருத்தம் என்று இதைச் சொல்வேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? அந்த இடத்தில் நின்ற யாருக்கும் வில் அங்கேதான் இறங்கியிருக்கும்.

டிஜிட்டல் காமிராவுக்கு வந்தால், அதன் உள்ளே இருக்கும் சில்லுக்கு நிறமே தெரியாது. வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு சிறு பில்டர் இருக்கிறது. ஒரு சிவப்பு, ஒரு நீலம், இரண்டு பச்சை என்ற இந்தக் கோலத்துக்கு 1976-இல் கோடக் கம்பெனியின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட மற்ற இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் காமிரா ஊகித்துக்கொள்கிறது. ஆகவே 'நான் ஒன்றும் செய்யவில்லை, காமிரா எடுத்தபடியே தருகிறேன்' என்கிறவர் தரும் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிறம் ஊகம். அவர் திருத்தவில்லை என்பது சரி. அவருக்கு முகம் தெரியாத ஒரு பொறியாளர் திருத்திவிட்டார்.

5

அப்படியானால் எதுவும் பொய்யில்லை, எல்லாம் சம்மதம் என்று கையை விரித்துவிடலாமா? கூடாது என்று நினைக்கிறேன். அதற்கு வானவில்லின் நிறம் எவ்வளவு என்ற கேள்விக்குப் போக வேண்டும்.

அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் இருந்த ரேமண்ட் லீ, வானவில்லின் ஸ்லைடுகளைக் கணிப்பொறியில் ஏற்றி, வில்லின் குறுக்கே நிறம் மாறிப்போகும் பாதையை அளந்து 1991-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கண்டது: நிஜ வானவில்லின் நிறங்கள் முப்பட்டகம் காட்டும் நிறமாலையின் பக்கத்திலேயே வர முடியாத அளவுக்கு வெளிறியவை. காரணங்கள் உண்டு. சூரியன் ஒரு புள்ளி இல்லை. வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். வில்லின் அகலமே சுமார் இரண்டு பாகைதான். வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் தனக்கென ஒரு வில்லை வரைய, அவையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் தள்ளி விழுந்து கலங்குகின்றன. அதோடு, வில்லுக்குப் பின்னாலுள்ள மேகத்தின் வெளிச்சமும், நமக்கும் வில்லுக்கும் நடுவிலுள்ள காற்றின் வெளிச்சமும் சேர்ந்து வெண்திரையாக மேலே படிகின்றன. கருமேகத்தின் முன்னால் வில் துலங்குவதும், வெளிறிய வானத்தில் கரைவதும் இந்தத் திரையால்தான்.

நிறத்தை வெளிக்கொணர்வது என்றால் என்ன என்பதற்கு இங்கே ஒரு ஸ்தூலமான அர்த்தம் கிடைக்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் வில்லின் நிறத்தோடு ஒரு பொதுவான வெண்மை கலந்திருக்கிறது. அந்தப் பொது அளவைப் படம் முழுக்கச் சமமாகக் கழித்தால், மிஞ்சுவது வில். கறுப்பின் எல்லையைச் சற்று மேலே ஏற்றுவது, மாறுபாட்டைக் கூட்டுவது என்று படம் திருத்துகிறவர்கள் செய்வதெல்லாம் இந்தக் கழித்தல்தான். படமெடுக்கும்போதே வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து விடுவது இதற்கு உதவி. வெளிச்சம் மிகுந்து வெளுத்துப்போன இடத்தில் கழிக்க ஒன்றும் இருக்காது.

நிறத்தைக் கூட்டும் அந்தப் புள்ளியை நகர்த்துவதும் கொஞ்ச தூரம்வரை ஏறக்குறைய இதே கணக்குத்தான். தூரம் மிஞ்சும்போதுதான் குணம் மாறுகிறது. சிவப்பு தன் உச்சவரம்பைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஏற முடியாமல், பக்கத்து ஆரஞ்சும் வந்து அதோடு ஒன்றாகிவிடுகிறது. சன்னமான மஞ்சள் நசுங்கிப்போகிறது. படிப்படியாகக் கரைந்து மாறிய இடத்தில் திடீரென்று ஒரு கோடு முளைக்கிறது. நிறம் அதிகமானதுபோலத் தோற்றம். உண்மையில் நிறங்கள் குறைந்துவிட்டன. பெயிண்ட் கடை அட்டை வருவது இப்படித்தான். அதன் பிறகு வில்லை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து, வானத்தை விட்டுவிட்டு, அதற்கு மட்டும் நிறம் ஏற்றுகிறவர்கள் உண்டு. அங்கே ஹில்லின் தூரிகை வந்துவிடுகிறது.

6

இந்த வித்தியாசம் ரசனையோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை என்பதற்கு வலுவான சாட்சி விஞ்ஞானத்திலிருந்தே வருகிறது.

மழைத்துளிக்குள் மூன்றுமுறை பட்டுத் திரும்பும் ஒளியும் ஒரு வில்லை உண்டாக்க வேண்டும். அது எதிர்த் திசையில் இராது. சூரியனைச் சுற்றியே சுமார் 40 பாகை தள்ளி வட்டமாக இருக்கும் என்று 1700-லேயே ஹாலி கணக்கிட்டுவிட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது மங்கல் என்பது நியூட்டனின் எண்ணம். 250 ஆண்டுகளில் நம்பத்தக்கவர்கள் பார்த்ததாகச் சொன்ன தடவைகள் ஐந்துதான். சூரியன் இருக்கும் பக்கத்து வானத்தின் கூசும் வெளிச்சம் அதை மூடிவிடுகிறது.

2011 மே மாதம் ஜெர்மனியில் மைக்கேல் கிராஸ்மன் அந்தத் திசையில் ஒரு படம் எடுத்தார். வெறுமே பார்த்தால் அந்தப் படத்தில் வில் இருப்பதற்கான வெளிப்படையான அடையாளம் எதுவும் இல்லை. அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையே அதை ஒப்புக்கொள்கிறது. பொது வெளிச்சத்தை விலக்கி மாறுபாட்டை விரித்தபோது நிறமுள்ள வளைவு வெளிப்பட்டது. அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். தெரிந்தது திருத்தத்தின் விளைவாக முளைத்த போலியாக இருக்கலாம் அல்லவா? படத்தின் ஒவ்வொரு புள்ளியும் வானத்தில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை அளந்து நிர்ணயித்து, வளைவின் இடமும் நிறவிரிவும் கொள்கை சொல்லும் அளவோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தார்கள். பொருந்தின. அதற்கு அடுத்த மாதமே இன்னொரு ஜெர்மானியர், மைக்கேல் தாய்ஸ்னர், மூன்றாவதோடு நான்காவது வில்லையும் படம் பிடித்தார். 2012-இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் ஹாரல்ட் ஈடன்ஸ் எடுத்த படங்களில், முதல் இரண்டு வில்லுக்கும் நடுவே இருண்டு கிடக்கும் அந்த இடத்தில், ஐந்தாவது வில்லின் பச்சையும் நீலமும் மெலிதாக வெளிப்பட்டன. இவை எல்லாம் திருத்தப்பட்ட படங்கள். திருத்தாமல் விட்டிருந்தால் அவற்றில் இருப்பது மேகம் மட்டும்.

இதற்கெல்லாம் நாற்பது ஆண்டு முன்னால், 1971-இல், ராபர்ட் கிரீன்லர் அகச்சிவப்பு பிலிமில் வானவில்லைப் பிடித்து வெளியிட்டார். சிவப்புக்கு வெளியே, மனிதக் கண்ணுக்கு என்றும் எட்டாத இடத்தில் இன்னொரு பட்டை. மனிதன் அண்ணாந்து பார்க்கத் தொடங்கிய நாள்முதல் அது அங்கே இருந்து வந்திருக்கிறது. நாம் பார்த்ததை அப்படியே காட்டுவதுதான் படத்தின் தர்மம் என்றால் இந்தப் படத்தை எங்கே வைப்பது?

எனக்குக் கிடைத்த அளவுகோல் இவ்வளவுதான். ஒன்று, கை படம் முழுக்கச் சமமாகப் போயிருக்க வேண்டும். வேண்டிய இடத்தில் மட்டும் நின்று உழைத்திருக்கக் கூடாது. இரண்டு, வெளிப்பட்டது தன் இடத்தையும் வரிசையையும் காப்பாற்றியிருக்க வேண்டும். சிவப்பு வெளியோரம், ஊதா உள்ளோரம், நடுவில் உள்ளவை எதுவும் நசுங்காமல். மூன்று, என்ன செய்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். ஹில்லிடம் மூன்றாவது இல்லை. நிறம் முற்றிய கைபேசிப் படத்தில் இரண்டாவது இல்லை. கிராஸ்மனிடம் மூன்றும் இருந்தன.

இரண்டாவதைப் பற்றி ஒரு ஓவியர் கதை உண்டு. ஜான் மிலே 1856-இல் முடித்த பார்வையற்ற பெண் ஓவியத்தில், பின்னணி வானத்தில் இரட்டை வானவில். அவர் முதலில் இரண்டு வில்லுக்கும் ஒரே நிறவரிசையைத் தீட்டியிருந்தார். வெளிவில்லில் வரிசை தலைகீழாக இருக்கும் என்று யாரோ எடுத்துச் சொல்ல, திருத்தி வரைந்தார். கண்ணால் பார்த்து வரைந்தவருக்குத் தவறிய ஒன்றைப் பிற்பாடு வந்த திருத்தம் சரிசெய்தது. அந்தப் படத்தில் வானவில்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. தங்கைதான் திரும்பிப் பார்க்கிறாள்.

சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் அதில் எழுதுகிறவர்களுக்கும் இந்த விவகாரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கைப்பிரதி வருகிறது. அதில் ஒரு வரி இருக்கிறது. அதைச் சுற்றிப் பொது வெளிச்சமும் இருக்கிறது. எல்லோரும் எழுதும் வார்த்தைகள், எல்லோருக்கும் தெரிந்த உணர்ச்சிகள். கழிக்கிற ஆசிரியர் உண்டு. தன்னிடம் உள்ள சாயத்தை எடுத்துப் பூசுகிற ஆசிரியரும் உண்டு. அச்சில் பார்க்கும்போது, பூசியதே அதிகம் மின்னும். எது எது என்று எழுதியவனுக்குத் தெரியும். கழித்த பிறகு ஒன்றுமே மிஞ்சாத பிரதிகளும் வரத்தான் செய்யும். அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும்.